ஒற்றைப் பாதையில் ஒரு மரக்கரண்டி

கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாண்புமிகு தலைவி அவர்களே. வரவேற்புரை என்ற பெயரில் வந்தவர் வராதவர் அனைவரையும் வாழ்த்தி, எனக்கென வைத்திருந்த நேரத்தையும் சேர்த்தே விழுங்கிவிட்ட செயலாளர் அவர்களே. இந்த ஒலிபெருக்கியை நூறு முறை தட்டியும் அதன் இரைச்சலை அடக்க முடியாமல் அதனோடு சமாதானம் செய்துகொண்ட மின்பணியாளர் அவர்களே. முன்வரிசையில் முழங்கால் வலியோடும் முகமலர்ச்சியோடும் வீற்றிருக்கும் மூத்தோர்களே. மடியிலொரு பிள்ளை, தோளிலொரு பிள்ளை, காதிலொரு கைப்பேசி என்று மும்முனைப் போர் நடத்தியபடியே, எனக்குக் கைதட்ட ஒரே ஒரு கையை மிச்சம் பிடித்து வைத்திருக்கும் தாய்மார்களே. கடைசி வரிசையில், கதவுக்கு மிக அருகில், ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அமர்ந்திருக்கும் தந்தைமார்களே. உங்கள் அனைவருக்கும் ஓய்வுபெற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டரின் ஓங்கிய, ஓயாத வணக்கம்.

பெரியோர்களே, நான் இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். அதை உங்களில் ஒருவர்கூட நம்பப் போவதில்லை. நம்ப மாட்டீர்கள் என்று இந்த ஒலிபெருக்கியின் தலையில் கைவைத்து உறுதி கூறுகிறேன். முப்பத்தாறு ஆண்டுகள், 'வண்டி இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும்' என்று சொல்லிச் சொல்லியே குடும்பம் நடத்தியவன் நான். என்னை நம்பாமல் இருப்பதற்கு இந்தச் சமுதாயத்துக்கு நான் கொடுத்த பயிற்சி கொஞ்சமா?

எனக்குப் பின்னால் தொங்கும் பதாகையைப் பாருங்கள். 'வீட்டிலிருந்தே வேலை: தாய்மார்கள் திறம்படச் செயலாற்றுவது எப்படி?' கீழே, சிறப்புரை என்று போட்டு என் அக்கா மகளின் பெயர். அவள் வரவில்லை. ஏன் வரவில்லை? வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதிலாக என்னை அனுப்பியிருக்கிறாள். என் தகுதி என்ன என்று கேட்பீர்கள். நான் தாயல்ல. எனக்கு வேலையும் இல்லை. வீடு இருக்கிறது, அதுவும் அவளுடையது.

ஆனால் ஒன்றை மட்டும் முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். இந்த நிமிடம், இங்கிருந்து மூன்று தெரு தள்ளி, அவள் ஒரு தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது மணிக்குத் தொடங்கியது, பன்னிரண்டுக்கு முடியும். தேறினால், வீட்டிலிருந்தே வேலை. தவறினால், அடுத்த திங்கள் முதல் காலை ஏழு மணிப் பேருந்தில் அலுவலகம் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்ப வேண்டும். கணவர் சரக்குக் கப்பலில் எஞ்சின் பழுது பார்ப்பவர்; ஆண்டில் எட்டு மாதம் அலையோடு இருப்பவர். அப்படியானால் நான்கு வயது மகள் நாள் முழுவதும் யாரிடம் இருப்பாள்? என்னிடம். இதில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை அவையின் முடிவுக்கே விட்டுவிடுகிறேன்.

அந்த மகள் இதோ இந்த மேசைக்கடியில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு மிளகு என்று பெயர். உருவம் அப்படி, உறைப்பும் அப்படி. பன்னிரண்டு மணிவரை அவளை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதுதான் இந்த உரையின் உள்நோக்கம், உயரிய நோக்கம், ஒரே நோக்கம். ஆகவே தலைவி அவர்களே, 'பத்து நிமிடத்தில் முடிக்கவும்' என்று தாங்கள் அனுப்பிய சீட்டைத் தாழ்மையுடன் பெற்றுக்கொண்டேன். மிளகு அதைக் கப்பலாக்கிவிட்டாள்.

அவள் தாயின் வேலை என்ன? மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, எழுதச் சோம்பல்பட்டு, வாயால் சொல்லிப் பதிவு செய்துவிடுவார்கள். அதைக் காதால் கேட்டுக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். மேசைக்கடியில், தையல் எந்திரத்துக்கு இருப்பதுபோல் ஒரு மிதி. மிதித்தால் மருத்துவர் பேசுவார். காலை எடுத்தால் பேச்சை நிறுத்துவார். ஆண்களைக் காலால் பேச வைத்துக் காலால் நிறுத்தும் கருவி ஒன்று உலகத்தில் இருப்பதை நான் முதன்முதலில் அங்கேதான் கண்டேன். தாய்மார்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன்.

மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் அவள் கைப்பேசியில் இருந்த அறிவுரைகள் அத்தனையையும் கடைப்பிடித்துப் பார்த்தாள். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்திரு என்றது ஓர் அறிவுரை. எழுந்தாள். மிளகு நான்கு ஐம்பத்தைந்துக்கு எழுந்தாள். தாய் நான்கு மணிக்கு எழுந்தாள். மகள் மூன்று ஐம்பத்தைந்துக்கு. இப்படியே விட்டிருந்தால் இருவரும் முந்தின நாளே எழுந்து, தூங்கப் போகும் தங்களையே எதிரில் பார்த்திருப்பார்கள். அலுவலகத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொள் என்றது இன்னோர் அறிவுரை. உடுத்தினாள். அம்மா வெளியே கிளம்புகிறாள் என்று நினைத்த மிளகு, தானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்கதவின் பக்கத்தில் நின்றாள். ஒரு மணி நேரம் நின்றாள். 'நான் எங்கயும் போகலடா' என்று தாய் சொல்ல, 'அப்ப எதுக்கு இந்தச் சட்டை' என்று மகள் கேட்க, தாய்க்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியவில்லை.

தனி அறையில் வேலை செய் என்றது மூன்றாவது. அந்த வீட்டில் அறை இரண்டு. ஒன்றில் நான் இருக்கிறேன். மற்றதில் கட்டில், அலமாரி, இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை. நாற்காலியைப் பின்னால் தள்ளினால் கட்டிலில் இடிக்கும்; அலமாரியைத் திறந்தால் நாற்காலியில் இடிக்கும். அந்த இடுக்கில் அமர்ந்து அவள் ஒரு நாளைக்கு ஆயிரம் வரி எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மிளகுக்கு நான்கு கேள்வி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பால் பொங்கியது, வழிந்தது, படி இறங்கித் தெருவில் ஓடியது. மூன்றாம் வீட்டுக்காரர் பரிசல் ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் கதவைத் தட்டினார். சிரிக்காதீர்கள். பரிசலை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இந்தக் குழப்பத்தைக் கண்டு என் நெஞ்சம் கொதித்தது. நாட்டின் வண்டிகளையெல்லாம் நகர்த்திய நான் வீட்டின் வண்டியை நகர்த்த மாட்டேனா? ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு ஊருக்கு நடுவே ஒரே தண்டவாளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்தால் மோதிவிடும். அதனால் அந்தப் பாதைக்கென்று ஒரே ஒரு டோக்கன். அது யார் கையில் இருக்கிறதோ அந்த ஓட்டுநர்தான் வண்டியை எடுக்கலாம். இல்லாதவர் தலைகீழாக நின்றாலும் தண்டவாளத்தில் கால் வைக்கக் கூடாது.

அன்று மாலை வீட்டுக் கூட்டத்தைக் கூட்டினேன். பாதை ஒன்று: அம்மா. வண்டி இரண்டு: அலுவலக விரைவு வண்டி, மிளகுப் பயணிகள் வண்டி. டோக்கன்: சமையலறையில் இருந்த நீளக் காம்பு மரக்கரண்டி. அதற்கு ஒரு சிவப்பு நாடாவும் கட்டினேன். கரண்டி மேசைமேல் இருந்தால் அம்மா அலுவலகத்துக்குச் சொந்தம். யாரும் கூப்பிடக் கூடாது. கரண்டி மிளகின் கையில் இருந்தால் அம்மா மிளகுக்குச் சொந்தம். அலுவலகமே தீப்பற்றினாலும் எழக் கூடாது. நான் மூன்று முறை விசில் ஊதினால் கரண்டி கை மாறும். இன்னொரு கரண்டியை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று மிளகு கேட்டாள். இரண்டு டோக்கன் இருந்தால் இரண்டு வண்டியும் கிளம்பி மோதிவிடும் என்று, கையால் மோதிக் காட்டி விளக்கினேன். தாயும் மகளும் வாயைப் பிளந்து கேட்டார்கள். அடடா, அப்படி ஒரு மாணவர் குழாம் எனக்கு வாய்த்ததே இல்லை.

முதல் நாள்? வெற்றி. ஆயிரத்து இருநூறு வரி. விசைப்பலகையிலிருந்து புகை வந்தது. அந்தச் சூட்டில் நான் ஒரு குவளைத் தேநீர் போட்டுக்கொண்டேன்.

இரண்டாம் நாள்தான் வினை வந்தது. அடுப்பில் இருந்த குக்கரும் மூன்று விசில் அடித்தது. மிளகு ஓடிவந்து மேசைமேல் இருந்த கரண்டியை எடுத்துக்கொண்டாள். சட்டப்படி சரிதானே? நான் மறுப்பு விசில் ஊதினேன். அது நான்காவது விசிலா, முதல் விசிலா? எனக்கே விளங்கவில்லை. குழம்பிப்போய் மேலும் இரண்டு ஊதினேன். கரண்டி மேசைக்குப் போனது. குக்கர் விடுமா? அது ஊத, நான் ஊத, நான் ஊத, அது ஊத, அந்த ஒரு மணி நேரத்தில் அந்தத் தாய் பதினொரு முறை அலுவலகத்துக்குப் போய்ப் பதினொரு முறை வீடு திரும்பினாள், நாற்காலியை விட்டு எழாமலே. யார் வீட்டில், யார் அலுவலகத்தில்? யார் தாய், யார் ஊழியர்? எது சோறு, எது சொல்? ஒரு நோயாளியின் கல்லீரலை அவள் ஏறக்குறைய வேக வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு குக்கரில் எதுவும் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டேன். வாரம் முழுவதும் ரொட்டி தின்றோம். ஆனால் பெரியோர்களே, அந்தக் கரண்டியின் ஆட்சி அந்த வீட்டில் வேரூன்றிவிட்டது. கரண்டி இல்லாமல் யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. என் சட்டைப் பொத்தான் தைத்துத் தரச் சொல்லக்கூட நான் மிளகிடம் கெஞ்சிக் கரண்டியை இரவல் வாங்க வேண்டியிருந்தது. தைக்கத் தெரியாதா என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறீர்கள். கேள்வி நேரம் கடைசியில்.

வந்தது சோதனைக் காலத்தின் இறுதித் தேர்வு. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னால். நாற்பது நிமிடக் குரல்பதிவு, மூன்று மணி நேரம், இரண்டு பிழைக்கு மேல் போகக் கூடாது. மேற்பார்வையாளர் அம்மையார் அந்தப் பக்கம் இருந்தபடியே, இவள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார். மிளகை அன்று ஒரு நாளைக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டுப் பக்கத்துப் பாலர் பள்ளியில் காலையிலேயே விட்டாயிற்று. ஒன்பது மணி. தாய் காதுக்கருவியை மாட்டினாள். மிதியில் கால் வைத்தாள். வைத்த காலை எடுத்தாள்.

'மாமா, டோக்கன் எங்கே' என்றாள்.

மேசைமேல் இல்லை. சமையலறையில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. அவை அறிஞர்களே, அது ஒரு மரக்கரண்டி என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தும் அந்தக் கால் மிதியை அழுத்த மறுத்தது. வேறு கரண்டி கொண்டு வரட்டுமா என்றேன். அவள் என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

'ரெண்டு டோக்கன் இருந்தா மோதிக்கும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க.'

வாதத்தில் தோற்றவன் என்ன செய்வான்? ஓடினேன். எங்கே ஓடினேன்? எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாலர் பள்ளிக்கு ஓடினேன். எப்படி ஓடினேன்? என்னைப் பார்த்துப் பேருந்துகள் ஓரம் கட்டின. சாலையோரத்தில் நின்ற மரங்கள் எனக்கு நிழல் தரக் கூடவே ஓடிவந்து, திருப்பத்தில் மூச்சு வாங்கி நின்றுவிட்டன. பள்ளி வாசலில் ஆசிரியை என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார். சறுக்குமரத்தின் பக்கம் கையைக் காட்டினார். அதன் அடியில் மிளகு. மடியில் பை. பைக்குள்ளிருந்து சிவப்பு நாடாவோடு நீட்டிக்கொண்டிருந்தது, நம் நாட்டு ரயில்வேயின் மானம்.

குனிந்து, என் குரலைக் குழைத்து, டோக்கனைக் கொடு, அம்மாவுக்கு வேண்டும் என்று கேட்டேன். முடியாது, இது தன்னுடைய நேரம் என்றாள். உன் நேரம் மாலையில்தானே என்றேன். அப்போது அவள் சொன்னாள்.

'இது என்கிட்ட இருந்தா அம்மாவும் என்கிட்டதான இருக்கணும். பஸ்ல போக முடியாதுல்ல.'

தாயும் நானும் முந்தின நாள் பேருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டதை அவள் கேட்டிருக்கிறாள். நான் கற்பித்த சட்டத்தை என்னைவிடச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறாள். கரண்டி தன் கையில் இருக்கும்வரை எந்த அலுவலகமும் எந்தப் பேருந்தும் தன் அம்மாவைத் தொட முடியாது. பிழை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். சட்டத்திலா? பிள்ளையிடமா?

நான் விளக்கத் தொடங்கினேன். அம்மா வீட்டில் இருக்க வேண்டுமென்றால் நீ அம்மாவை விட வேண்டும், விட்டால்தான் இருப்பாள், பிடித்தால் போய்விடுவாள், போகாமல் இருக்க வேண்டுமென்றால் இப்போது போக விட வேண்டும், ஆனால் அவள் எங்கும் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குப் புரிந்ததா? சறுக்குமரத்துக்கே தலை சுற்றியது. மிளகு பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

'குடுத்தா அம்மா வீட்லயே இருப்பாங்களா தாத்தா?'

முப்பத்தாறு ஆண்டுகள் எத்தனை ஆயிரம் பயணிகளுக்கு 'வரும் வரும்' என்று சொல்லியிருப்பேன். அன்று வாயில் வரவில்லை. 'தெரியலடா' என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள். 'சரி, நானே குடுக்கறேன்' என்று எழுந்தாள். கரண்டியை என் கையில் தரவில்லை. டோக்கனை இடையில் ஒருவர் வாங்கக் கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பத்து இருபது. நான்கு வயதுக் கால்கள், வழியில் மூன்று எறும்பு வரிசை, ஒரு நாய்க்குட்டி. அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே, ஆலங்கட்டி மழை ஓட்டில் விழுவதுபோல் தட்டச்சு சத்தம். டோக்கன் இல்லாமலே வண்டி போய்க்கொண்டிருந்தது. இது எப்படி நடந்தது என்று பிறகு நான் விசாரித்ததில், 'நீங்க வெளிய போனதும் வீடு அமைதியாச்சு மாமா, கால் தானா அழுத்திடுச்சு' என்று பதில் வந்தது. அதன் பொருளை நான் ஆராயவில்லை.

தாய்மார்களே, இப்போதுதான் கவனமாகக் கேட்க வேண்டும். மிளகு கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். பத்து இருபதிலிருந்து பன்னிரண்டுவரை ஒரு சொல் இல்லை, ஒரு கேள்வி இல்லை. நானும் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். தும்மல் வந்தது, விழுங்கினேன். அது வயிற்றுக்குள் போய் வெடித்து என் இடுப்பு வார் அறுந்தது. அப்போதும் அசையவில்லை. அப்படி ஒரு தியாகத்தை இந்த வட்டாரம் கண்டதுண்டா? ஒரு தாயின் வேலைக்காக ஒரு குழந்தையும் ஒரு பெரியவரும் சிலையாக அமர்ந்திருந்த காட்சி! கைதட்டுங்கள். தட்டினீர்களா? நல்லது. அந்தக் கைதட்டலைப் பிறகு திருப்பித் தந்தாலும் தருவேன்.

பன்னிரண்டு பத்துக்கு அம்மையார் அழைத்தார். இவள் கைப்பேசியைக் கட்டிலில் வைத்துச் சத்தமாகப் பேச விட்டாள். அதனால் நானும் கேட்டேன். பிழை இரண்டு, பரவாயில்லை என்றார். ஆனால் ஒரு வரி புரியவில்லை என்றார். முழங்கால் அறுவை சிகிச்சை செய்த ஒருவரின் அறிக்கை. 'மூட்டின் உட்புறத்தில் வீக்கம் காணப்பட்டது' என்று ஒரு வரி. 'நோயாளி இரண்டு வாரம் நடக்கக் கூடாது' என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இருந்தது.

'தரை சில்லுனு இருக்கும், எதையாவது விரிச்சு உட்காரு கண்ணு.'

'இது எந்த டாக்டர் சொன்னது' என்று கேட்டார் அம்மையார்.

இவள் திரையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளே பார்க்கிறாள். தன் மகளுக்குச் சொன்னது என்றாள். வாயால் சொல்லக்கூட இல்லை, விரல் சொல்லியிருக்கிறது. அம்மையார் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

'உங்க காதுல ஹெட்போன். கதவு சாத்தியிருக்கு. குழந்தை சத்தமே போடலைங்கறீங்க. அவ தரையில உட்கார்ந்திருக்கான்னு எப்படித் தெரிஞ்சுது?'

'தெரியல மேடம்.'

'வீட்ல வேற யாரும் இல்லையா?'

'மாமா இருந்தார் மேடம்.'

'எங்க?'

'அவரும் வெளியதான் உட்கார்ந்திருந்தார். பக்கத்துல. நாற்காலியில.'

அந்தப் பக்கம் அமைதி. நீண்ட அமைதி. இரண்டு நிலையங்களுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டதுபோன்ற அமைதி. பிறகு அந்தப் பக்கமும் ஒரு குக்கர் விசில் அடித்தது. 'ஒரு நிமிஷம்' என்று ஒலியை அணைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து, மருத்துவர் சொல்லாததை எழுதினால் அது மூன்றாவது பிழை, தன்னால் அதை மாற்ற முடியாது என்றார். ஆனால் பன்னிரண்டு நாள் கழித்து இன்னொரு முறை எழுதலாம். அதுதான் கடைசி என்றும் சொன்னார். நன்றி சொல்லி இவள் வைத்துவிட்டாள். மிளகு கரண்டியை நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டு, பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். 

சபையோரே, அம்மையாரின் அந்த அமைதி எனக்கு விளங்கவில்லை. மூன்று நாள் குழம்பினேன். 'எங்க' என்று கேட்டார். 'நாற்காலியில' என்று விடை வந்தது. அதில் பேச்சடைத்துப் போக என்ன இருக்கிறது? நான் சத்தம் போட்டேனா? இல்லை. தொந்தரவு செய்தேனா? இல்லை. நான்காம் நாள் காலையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது மெல்ல மெல்ல ஒரு சந்தேகம் எழுந்தது. ஒற்றைப் பாதை, ஒற்றைப் பாதை என்று ஊதினேனே, யார் சொன்னது ஒற்றைப் பாதை என்று? அந்த வீட்டில் இன்னொரு தண்டவாளம் கிடக்கிறதே. ஆறடி நீளம், எண்பது கிலோ எடை, வாயில் விசில். அதன் மேல் ஒரு வண்டியும் ஓடியதில்லை. டோக்கன் எதற்கு? விதி எதற்கு? விரைவு வண்டி அந்தப் பக்கம் போகட்டும், பயணிகள் வண்டி இந்தப் பக்கம் வரட்டும் என்று, இத்தனை ஆண்டு ரயில்வேயில் சோறு தின்றவனுக்கு ஏன் தோன்றவில்லை? அந்தத் தாய்க்கு அட்டவணை போட்டேன், சட்டம் போட்டேன், சிவப்பு நாடா கட்டினேன். ஒரு துண்டை எடுத்துத் தரையில் போட்டேனா?

இந்தப் பதாகை கேட்கிறது: தாய்மார்கள் திறம்படச் செயலாற்றுவது எப்படி? தலைவி அவர்களே, எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் கேள்வி ஆள் மாறி வந்திருக்கிறதோ என்று ஐயம். சாத்திய கதவுக்கு உள்ளே இருப்பவளை ஏன் கேட்கிறீர்கள்? கதவுக்கு வெளியே இருப்பவனைக் கேளுங்கள். கால்மேல் கால் போட்டிருப்பவனைக் கேளுங்கள். கடைசி வரிசையில் எழுந்திருக்கப் பார்க்கும் தந்தைமார்களே, உட்காருங்கள், உங்களைத்தான் கேட்கிறேன். அவள் எப்போது எழுகிறாள், எப்படி உடுத்துகிறாள், எத்தனை வரி எழுதுகிறாள் என்றெல்லாம் அளந்தோமே, நம்மை யார் அளந்தது? அளந்தால் எத்தனை வரி தேறுவோம்?

அன்றிலிருந்து இன்றுவரை ஒன்பது நாள். காலையில் மிளகுப் பயணிகள் வண்டி என் மேல் ஓடுகிறது. பூங்கா, எறும்பு வரிசை, நாய்க்குட்டி, சலவைக்கடை வாசல், மறுபடி எறும்பு வரிசை. கரண்டி குழம்புச் சட்டிக்குத் திரும்பிவிட்டது. ஒரு நாளைக்கு நான்காயிரம் கேள்வி. அவற்றில் ஒன்றுக்குக்கூட எனக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வதும் இல்லை. கால் வலிக்கிறது. நேற்று நாலரை மணிக்குச் சட்டைப் பொத்தானை நானே தைத்தேன். சட்டையோடு என் கால்சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டேன். ஒன்பது நாள் என்பது ஒரு சாதனையல்ல என்று எனக்குத் தெரியும். தலைவி அவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எத்தனை வருடம் என்று நான் கேட்கவில்லை.

மணி என்ன? பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிடமா? பொறுங்கள். சட்டைப்பை அதிர்கிறது. மன்னிக்க வேண்டும், கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. மிளகு, வெளியே வாடா, தாத்தா கண்ணாடியை எங்கே வைத்தாய்? அவையோரே, அது செயலாளர் அவர்களின் காலணிக்குள் இருக்கிறது. நன்றி ஐயா.

படிக்கிறேன். 'தேறிட்டேன் மாமா. ஒரே ஒரு பிழைதான். உடனே வந்துடாதீங்க. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்துக்கறேன்.'

கேட்டீர்களா? பேருந்து இல்லை. நாளை மறுநாளும் இல்லை, திங்களும் இல்லை. இப்போது தட்டுங்கள், முன்னே நீங்கள் தட்டியதை நான் திருப்பித் தந்துவிடுகிறேன், இதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். மிளகு, அம்மா வீட்லயேதான் இருப்பாங்களாம்டா. ஆமாம், இப்பத் தெரியும். இல்லை, இப்பப் போக வேண்டாம், பத்து நிமிஷம் கழிச்சு. ஏன்னா அம்மா சும்மா இருக்காங்க. சும்மான்னா ஒண்ணும் செய்யாம. எதுக்கா? தெரியலடா, வா, நடந்துகிட்டே யோசிக்கலாம், சுத்து வழியா போவோம்.

என் சொல்லைச் சகித்த செவிகளுக்கும், கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்த தலைவிக்கும், கப்பலுக்குக் காகிதம் தந்த சங்கத்துக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கிளம்புவதற்கு முன் ஒரு வாக்குமூலம். பரிசல் பொய். புகை பொய். ஓடிவந்த மரங்கள் பொய். அந்தக் குக்கர்கூட மூன்று விசில் அடித்ததில்லை. அதன் வாஷர் போய் ஆறு மாதமாகிறது. நான் சொன்ன கதையில் நீங்கள் வேறு எதை நம்பாவிட்டாலும், ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜமாக நடந்தது. ஒரு மணி நாற்பது நிமிடம் அந்தக் குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வணக்கம்.